தீக்குச்சியும் தொழிற்சங்கமும்

'சங்கம்' என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழ் கற்றோர் உள்ளம் மதுரையை நாடும். இறையனார் களவியல் உரை கூறும் முச்சங்க வரலாறு அத்துணை ஆழமாகத் தமிழர் நெஞ்சில் வேரூன்றியுள்ளது. அதே சொல் இருபதாம் நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளர் கூடி அமைத்த அமைப்பிற்கும் பெயராயிற்று. அவ்வமைப்பு எவ்வாறு தோன்றிற்று, அதனின்று தொழிலாளர் சட்டம் எவ்வாறு பிறந்தது என்பவற்றை அறிந்தால்தான், விருதுநகர் மாவட்டத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் நிலையைச் சரியாக எடைபோட இயலும்.

இலண்டன் தீப்பெட்டிப் பெண்கள்

இலண்டனில் 'பிரயண்ட் அண்டு மே' தீப்பெட்டி ஆலையில் பணியாற்றியோரில் பெரும்பாலோர் இளம்பெண்களும் சிறுமியருமே. நீண்ட நேர வேலை, அற்பக் கூலி, அதிலும் அபராதப் பிடித்தம் என்பன அவர்கள் பெற்றவை. குச்சி முனையில் தோய்த்த வெண்பாஸ்பரஸ் அவர்களின் தாடை எலும்பையே அரித்தது. 1888-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அன்னி பெசன்ட் அம்மையார் இக்கொடுமையைத் தம் இதழில் எழுதினார். எழுதியது பொய்யெனக் கையொப்பமிடுமாறு நிர்வாகம் வற்புறுத்தியபோது தொழிலாளர் மறுத்தனர். ஜூலையில் ஏறத்தாழ 1400 பேர் வேலையை விட்டு வெளியேறினர். அபராதம் ஒழிந்தது; பெண்களின் தொழிற்சங்கமும் உருவாயிற்று.

வெண்பாஸ்பரஸை விலக்கும் சட்டம் பிரிட்டனில் 1908-இலும் இந்தியாவில் 1913-இலும் இயற்றப்பட்டது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்குவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே அந்நஞ்சு சட்டத்தால் தடுக்கப்பட்டுவிட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

தூத்துக்குடியும் சென்னையும்

தமிழகத்தில் 1908-ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் முன்னோடியானது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அதற்கு ஊக்கமளித்தனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிட்டின; ஆயினும் நிலையான சங்கம் அங்கு அமையவில்லை.

அக்குறையைச் சென்னை நிறைவு செய்தது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய அச்சங்கத்தின் தலைவர் பி.பி.வாடியா, இந்தியா வந்து சேர்ந்திருந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் உடனுழைப்பாளர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் சங்கம் தோன்ற வித்திட்டவர்கள். தமிழ்த்தென்றல் திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர். ஏட்டிலும் மேடையிலும் செந்தமிழை வளர்த்த அப்பெரியார், ஆலைத் தொழிலாளரிடையேயும் அத்தமிழிலேயே பேசினார்.

1920-இல் மூண்ட ஆலைத் தகராற்றில் நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. தொழிலாளர் கூடிப் பேசி வேலையை நிறுத்துவதைச் சதியெனக் கருத இடமளித்தது அன்றைய சட்டம். இவ்வழக்கு எழுப்பிய கவலையால் என்.எம்.ஜோஷி 1921-இல் மத்தியச் சட்டமன்றத்தில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கோரினார். அதன் விளைவே 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். எழுவர் ஒன்றுகூடினால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது அது. பதிவு பெற்ற சங்கத்தாருக்குச் சதிக் குற்றச்சாட்டிலிருந்தும் இழப்பீட்டு வழக்கிலிருந்தும் உரிய வரம்புக்குள் காப்பளித்தது. சங்கம் முன்னே பிறந்தது. சட்டம் பின்னே வந்தது.

சிவகாசியின் நிலை

சிவகாசியில் இவ்வரிசை மாறிற்று. மழை குறைந்த கரிசல் மண்ணில் வேளாண்மை மட்டும் வயிற்றை நிரப்பவில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, 1923-இல் அதனைத் தொடங்கினர். பின்னர்ப் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. வறண்ட பூமியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பெரிய வழி செய்தவர்கள் என்னும் புகழ் அம்முன்னோடிகளுக்கு உரியதே.

ஆயினும் சென்னை ஆலைபோல் ஆயிரம் பேர் ஒரு கூரையின்கீழ் நிற்கும் தொழிலன்று இது. குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், மருந்து கலத்தல், திரி வைத்தல் எனப் பணிகள் பலவாகப் பிரிந்தன. சில வேலைகள் வீட்டுத் திண்ணைக்கே வந்தன. சிறு அலகுகளுக்குக் கிடைத்த கலால் வரிச் சலுகை, தீப்பெட்டித் தொழிலை மேலும் சிறு கூறுகளாக்கியது. பட்டாசு ஆலையிலோ விபத்துப் பரவாதிருக்க அறைக்கு அறை இடைவெளி வேண்டும். ஓர் அறையில் இத்தனை பேர்தாம் என்ற வரம்பும் வேண்டும். உயிர் காக்கப் பிரித்த அவ்வறைகள் தொழிலாளரையும் ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்தன. எண்ணிக்கைக் கணக்கில் பெறும் கூலியோ நிமிர்ந்து பேச நேரம் தரவில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் ஆளெண்ணியே வாயிலில் நுழைந்தது. மின்விசை இருப்பின் பத்துப் பேர், இல்லையேல் இருபது பேர் பணிபுரியும் இடமே தொழிற்சாலை. பதினான்கு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அங்கு வேலையில்லை என்றது அச்சட்டம். ஆனால் திண்ணையில் பெட்டி ஒட்டிய சிறுமி எந்தக் கணக்கிலும் வரவில்லை.

1976-இல் தீப்பெட்டி ஆலைக்குச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகிப் பலர் மாண்டபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. ஹர்பன்ஸ் சிங் தலைமையில் விசாரணை நடந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல், குழந்தைகளை உற்பத்திப் பணியில் ஈடுபடுத்தலாகாது, சிப்பம் கட்டும் பணியில் ஈடுபடுத்தலாம் என்றது. தொழிலாளருக்கு 50,000 ரூபாய்க் காப்பீடும் வேண்டும் என்றது. 1996 டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பு இன்னும் கடுமையானது. சட்டத்தை மீறிப் பணிக்கமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும் என்றது. பள்ளிகளும் பெருகின. குழந்தை உழைப்பு வெகுவாகக் குறைந்தது. நீதிமன்றம் வென்ற களம் இது.

சட்டம் உள்ளும் சாவு

ஆனால் பெரியவர்களின் உயிர்க்குப் போதிய காப்பு அமையவில்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மேலும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பிறருக்கு உள்குத்தகைக்கு விடும் வழக்கம் அதன்பின் வெளிச்சத்திற்கு வந்தது.

உள்குத்தகை நடப்பதை முதலில் அறிபவர் யார்? நாக்பூரிலிருந்து வரும் வெடிபொருள் அதிகாரியா? மாவட்டத் தலைநகரில் அமர்ந்துள்ள ஆய்வாளரா? இல்லை. அறையில் அமர்ந்து மருந்தைக் கையாளும் பெண்ணே அறிவார். வேலை பறிபோகாது என்ற துணிவிருந்தால்தான் அதனை அவர் வெளியே சொல்வார். அத்துணிவைத் தனியொருவருக்குச் சட்டம் தாளில் தரலாம். நடைமுறையில் தருவது சங்கமே. இப்பகுதியில் சி.ஐ.டி.யு. முதலிய அமைப்புகளைச் சார்ந்த சங்கங்கள் நெடுநாள் உழைத்து வருகின்றன. எனினும் சிதறிய அறைகளையும் திண்ணைகளையும் ஒரு கொடிக்கீழ்த் திரட்டுவது எளிதன்று.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்கள் பலவற்றிற்கு மாற்றாக நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழிற்சாலைக்குரிய ஆளெண்ணிக்கை வரம்பு, மின்விசையுடன் இருபதாகவும் இன்றி நாற்பதாகவும் உயர்ந்துள்ளது. ஆபத்தான தொழில்களுக்கு எண்ணிக்கை பாராது சட்டத்தைப் பொருத்தவும் இடமுண்டு. அவ்விடத்தை முழுமையாகப் பயன்படுத்துவதே விருதுநகர் மாவட்டத்திற்கு நன்மை பயக்கும்.

இலண்டன் பெண்கள் பொய்க் கையொப்பமிட மறுத்தபோது அவர்களைக் காக்கச் சங்கம் ஏதுமில்லை. எனினும் ஒருவரையொருவர் காண முடிந்தது. ஒன்றாக வெளியேற முடிந்தது. சிவகாசியின் அறைகளுக்கிடையே உள்ள இடைவெளி தீயைத் தடுக்கட்டும்; தொழிலாளர் கூடுவதைத் தடுக்க வேண்டாம். தீபாவளி நாளில் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒளியேற்றும் அக்கைகள், மாலையில் நலமுடன் தத்தம் வீடு திரும்ப வேண்டும். அதற்குச் சட்டமும் சங்கமும் இணைந்தே நிற்க வேண்டும்.