குற்றவாளி யார்? – ஒரு மடிக்கணினியும் கண்டிக் கோப்பியும்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். ஈய எழுத்துக்களைக் கோத்துப் பக்கம் அமைத்த அச்சுக்கூடத்தையும் கண்டிருக்கிறேன். கணினியில் பக்கம் அமைக்கும் காலத்தையும் கண்டுவிட்டேன். அந்நாளில் ஒரு பிரதி தொலைந்தால் தொலைத்தவர் யாரென்று மாலைக்குள் தெரிந்துவிடும். 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் கண்டியில் என் பிரதி தொலைந்தபோது, குற்றவாளியைக் கண்டறிய மூன்று வாரங்கள் சென்றன.

கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் அழிந்த வரலாற்றை அப்போது எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கென்றே புதிய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். நான்காம் நாள் அது நீலத்திரையைக் காட்டி நின்றது. மீண்டும் இயக்கினேன், இரண்டு மணி நேரம் ஓடியது, மறுபடியும் நின்றது. பின்னர் நாளொன்றுக்கு நான்கைந்து தடவை நிற்பதே வழக்கமாயிற்று. ஒரு மாலை, பதினொரு பக்கக் கோப்பு ஒன்று திறக்க மறுத்தது. தம் குடும்பத்து மூதாட்டி தமிழ்நாட்டிலிருந்து மலைநாட்டுக்கு நடந்துவந்த கதையைத் தோட்டத்து அம்மையார் ஒருவர் சொல்லச் சொல்ல நான் தட்டெழுதியது அது. ஒலிப்பதிவு செய்திருக்கவில்லை. அவரோ முந்தைய வாரம்தான் காலமாகியிருந்தார்.

விற்றவர்களிடம் கொண்டுபோனேன். முதலில் வைரஸ் என்றார்கள்; துடைத்துத் தந்தார்கள், நின்றது. மலைநாட்டு மின்சாரம் சீராக இல்லை என்றார்கள். மின்கலத்தில் மட்டும் இயக்கினேன், அப்போதும் நின்றது. இறுதியில், நான் நிறுவியிருந்த தமிழ் விசைப்பலகை மென்பொருளைக் காட்டி, ‘இதுதான் காரணம்’ என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. யூனிக்கோட் தமிழும் ‘லதா’ எழுத்துருவும் விண்டோஸ் 2000உடனேயே வந்துவிட்டன. கணினிக்குத் தமிழ் அந்நியமானதன்று. எனினும் அந்த மென்பொருளை நீக்கினேன். ஒரு மணி நேரத்தில் மீண்டும் நீலத்திரை!

பேராதனை வீதியில் சிறிய அறையொன்றில் கணினி திருத்தும் இளைஞர் ஒருவரிடம் நண்பர் அழைத்துச் சென்றார். அவர் கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு பயிற்சிப் புத்தகத்தை நீட்டினார். ‘ஐயா, நிற்கும் ஒவ்வொரு தடவையும் நேரத்தையும், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும், திரையில் வரும் பிழையின் பெயரையும் இதில் எழுதுங்கள். இரண்டு நாளில் வாருங்கள்’ என்றார்.

ஒன்பது தடவை எழுதினேன். ஆறு வெவ்வேறு பிழைப் பெயர்கள். குழப்பம் கூடிவிட்டது என்று எண்ணினேன். அவரோ முகம் மலர்ந்தார். ‘ஒரே மென்பொருள் குற்றவாளி என்றால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் சொல்கிறது என்றால், எல்லா மென்பொருளுக்கும் அடியில் இருக்கும் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும், ஐயா.’

அன்றிரவு முழுவதும் மெம்டெஸ்ட்86 என்ற சோதனை ஓடியது. நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் எழுதி, எழுதியதையே திரும்ப வாசித்துப் பார்க்கும் சோதனை அது. காலையில் திரையில் சிவப்பு வரிகள். உள்ளே இரண்டு நினைவகத் தகடுகள் இருந்தன. ஒன்றைக் கழற்றிச் சோதித்தார்; பிழையில்லை. மற்றையதை மட்டும் பொருத்தினார், பிழை வந்தது. பொருத்தும் இடத்தை மாற்றினார். பிழையும் தகட்டோடு கூடவே சென்றது. குற்றவாளி அகப்பட்டான். அந்தப் பழுதான அறைகளில் எந்த மென்பொருளின் தரவு போய் விழுகிறதோ, பழி அதன் தலையில் விழுந்திருக்கிறது. என் பதினொரு பக்கங்களும் வட்டில் பதியுமுன் அவ்வழியாகவே சென்று சிதைந்திருக்கின்றன.

கணினி உலகிலும் இத்தகைய தேடலுக்கு வரலாறு உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் வார இறுதியில் தாம் ஓடவிட்ட கணக்குகளை இயந்திரம் பிழை கண்டதும் கைவிட்டுவிடுவதால் சலிப்புற்ற ரிச்சர்ட் ஹாமிங், பிழையைத் தானே கண்டு திருத்தும் குறிமுறையை வகுத்து 1950இல் வெளியிட்டார். நினைவகச் சில்லுகள் இடையிடையே காரணமின்றித் தவறுவது ஏன் என்று ஆராய்ந்த இன்டெல் நிறுவனத்தின் திமோத்தி மே, மரே வூட்ஸ் ஆகிய இருவரும் 1978இல் விடையை வெளியிட்டனர். சில்லுகளை மூடியிருந்த உறைப்பொருளில் கலந்திருந்த மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் வெளியிட்ட அல்பாத் துகள்களே தரவைப் புரட்டின! எவரும் சந்தேகிக்காத உறையே குற்றவாளி.

நான் எழுதிக்கொண்டிருந்த கோப்பி வரலாறும் இதே கேள்வியைச் சுற்றியதுதான். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொட்டுகள் தென்பட்டன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பார்க்லி, அது ஒரு புதிய பூஞ்சணம் என்று கண்டு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். துரைமார் பலர் அதை ஏற்கவில்லை. மழை என்றனர், மண் களைத்துவிட்டது என்றனர், பராமரிப்புக் குறைவு என்றனர். 1880இல், இருபத்தைந்து வயதே நிரம்பிய மார்ஷல் வார்ட் இலங்கைக்கு வந்தார். கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்துக்களைப் பிடித்தார். இலையடியில் ஈரத்தில் அவை முளைத்து, நுண்துளை வழியே உட்புகுவதைக் கண்டார். இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே காற்றுக்கு வழி திறந்துவிட்டது என்று எடுத்துரைத்தார்.

ஆனால் அவர் மருந்து தரவில்லை, தரவும் இயலவில்லை. கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. பருவத்துக்கு வந்து திரும்பிய நம் மக்களை, ஆண்டு முழுவதும் கொழுந்து கேட்ட தேயிலை மலையிலேயே நிலைக்க வைத்தது. அவர்களுடைய உழைப்பில் வளர்ந்த நாடு, 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

கண்டுபிடிப்பு எதையும் மீட்டுத் தருவதில்லை. வார்ட் கோப்பியை மீட்கவில்லை. புதிய தகடு என் பதினொரு பக்கங்களை மீட்கவில்லை. எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு அம்மையாரின் கதையைத் திரும்ப எழுதினேன். ஐந்து பக்கங்களே தேறின. மற்ற ஆறு பக்கங்களையும் சொல்ல இனி எவருமில்லை.

ஆயினும் காரணம் தெரிந்த பிறகுதான் வீண்பழி நிற்கிறது. ஆகவே நண்பர்களே, உங்கள் கணினி அடிக்கடி நின்றால், கைக்கு எளிதில் அகப்படுவதன் மீது குற்றம் சாட்டாதீர்கள். ஒவ்வொரு தடவையையும் குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் முன்னதாக, உங்கள் வீட்டு முதியவர் சொன்னது எதுவாயினும், அதை இன்றே இன்னோரிடத்திலும் பிரதி எடுத்துவிடுங்கள்.