வழுவும் வழுவமைதியும்: கோப்பு முறைமைகளின் வரலாற்றிலிருந்து சில ஏடுகள்

சில ஆண்டுகளுக்கு முன், நம் துறையில் ஆய்வு மேற்கொண்டிருந்த மாணவி ஒருவர் ஒரு காலைப்பொழுதில் முகம் வெளிறி வந்து நின்றார். முந்தைய மாலை மின்தடை ஏற்பட்டிருந்தது. யுபிஎஸ் கருவியும் சற்று நேரத்தில் கைவிட்டது. கல்லூரியின் சர்வர் சட்டென அணைந்துபோனது. மறுநாள் அது உயிர்பெற்றபோது, அவரது ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அதே பெயருடன் அதே இடத்தில் இருந்தது. ஆனால் அக்கோப்பின் அளவு சுழியம். "சேமித்துவிட்டுத்தான் எழுந்தேன் ஐயா, ஒருமுறைக்கு இருமுறை சேமித்தேன்" என்றார். கணினிகளைப் பராமரிக்கும் இளைஞரை அழைத்துக் கேட்டோம். "இது எல்லாருக்கும் தெரிஞ்ச பிரச்சினைதான் சார். எழுதி முடிச்சதும் சிங்க் கொடுத்திருக்கணும்" என்றார் அவர்.

எல்லாருக்கும் தெரிந்த ஒன்று, இழப்பை அடைந்தவருக்கு மட்டும் தெரியாமற்போனது எவ்வாறு? இக்கேள்வியைத் தொடர்ந்து சென்றதில் நமக்குக் கிட்டிய வரலாற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம். கணினித்துறையார் இதில் புதிதாக எதுவும் காணமாட்டார்கள். எழுத்தைத் தொழிலாகவும் துணையாகவும் கொண்ட நம் போன்றோர்க்கு இதில் சிந்திக்க இடமுண்டு என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு சொல். கணினி நிரலில் நேரும் பிழைக்குத் தமிழ்க் கணிமையாளர் 'வழு' என்னும் சொல்லை எடுத்தாண்டனர். அது நம் இலக்கண நூல்களின் சொல். இலக்கணத்தில் வழுவோடு நில்லாமல் 'வழுவமைதி' என ஒன்றும் உண்டு. வீட்டுப் பசுவைப் பார்த்து "அம்மா வந்தாள்" என்று ஒருவர் மகிழ்ந்து சொன்னால் அது திணை வழு. எனினும் உவப்பு என்னும் காரணம் பற்றி அது அமைக்கப்படும். காரணம் இருந்தால் அமைதி. காரணம் இல்லையேல் வெறும் வழு. இவ்வேறுபாட்டை நினைவில் கொண்டே மேலே செல்வோம்.

பிழையைத் தானே சொன்ன கையேடு

இன்றைய சர்வர் இயங்குதளங்களிற் பெரும்பாலானவற்றின் மூதாதை யுனிக்ஸ். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலானோர் அதனைத் தொடங்கினர். அதன் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என வரிசையாகச் செல்லும் அப்பக்கத்தில் 'பிழைகள்' என்றொரு தலைப்பும் வகுக்கப்பட்டிருந்தது. ஆக்கியோரே தம் ஆக்கத்தின் குறைகளை அங்கே எழுதிவைத்தனர். நூலின் கடைசியில் ஒட்டப்படும் பிழைதிருத்தப் பட்டியல் போன்றதன்று இது. குறையைச் சொல்வதற்கென நூலின் கட்டமைப்பிலேயே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

அக்குறைகளுள் ஒன்று நம் கதைக்கு இன்றியமையாதது. வட்டு மெதுவானது; நினைவகம் விரைவானது. ஆகவே ஒரு நிரல் 'எழுது' என்று சொன்னவுடன் யுனிக்ஸ் அதை வட்டில் எழுதுவதில்லை. நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "எழுதியாயிற்று" என்று விடை கூறிவிடும். பின்னர் ஏறத்தாழ 30 நொடிக்கு ஒருமுறை, சேர்ந்தவற்றை எல்லாம் வட்டுக்கு அனுப்பும். இடையில் மின்சாரம் நின்றால், எழுதியதாகச் சொல்லப்பட்ட எழுத்து எங்கும் எழுதப்பட்டிராது. இலக்கணத்தார் கண்ணுக்கு இது காலவழு. எதிர்காலத்தில் நிகழவிருப்பதை இறந்தகாலத்தால் கூறுவது. விரைவு பற்றி அமைக்கப்பட்டமையால் வழுவமைதி.

உடனே வட்டுக்கு அனுப்ப வேண்டுவோர்க்கு 'சிங்க்' என்றொரு கட்டளை இருந்தது. ஆனால் அதிலும் ஒரு நுட்பம். 1979இல் வந்த ஏழாம் பதிப்புக் கையேட்டின் பிழைகள் பகுதி, சிங்க் திரும்பிவரும்போது எழுதுதல் தொடங்கப்பட்டிருக்குமே அன்றி முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை என எச்சரித்தது.

மூன்று முறை சொல்லும் மந்திரம்

இவ்வெச்சரிக்கையிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. கணினியை நிறுத்துமுன் சிங்க் என்று மூன்று முறை தட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் தனி வரியில், ஒவ்வொன்றுக்கும் பின் விடைக்காகக் காத்திருந்து. முதல் கட்டளையே வேலையைத் தொடங்கிவிடும். பின்னிரண்டையும் கைகள் தட்டி முடிக்கும் நேரத்தில் வட்டு தன் பணியை முடித்துக்கொள்ளும். இதுவே காரணம். மூன்று என்னும் எண்ணில் மறைபொருள் ஏதுமில்லை. அது கைவிரல்களால் அளக்கப்பட்ட காலம்.

பின்வந்தவர்களோ மூன்றையும் ஒரே வரியில் எழுதி ஒரே தட்டில் ஏவலாயினர். சடங்கு நிறைவேறியது, காத்திருத்தல் காணாமற்போனது. எதற்காக அவ்வழக்கம் தோன்றியதோ அது மட்டும் அதிலிருந்து உதிர்ந்துவிட்டது. காரணத்தை இழந்த வழுவமைதிக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பெயர் இழந்த கோப்புகளின் இல்லம்

யுனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. 'ஐ-நோடு' எனப்படும் ஒரு குறிப்பே கோப்பு. அதற்கு ஓர் எண் உண்டு. வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் உள்ளடக்கம் உள்ளது என்பதை அது அறியும். ஆனால் தன் பெயரை அது அறியாது. பெயர், அடைவு எனப்படும் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும். கணினி நடுவில் அணைந்தால் இவ்விரண்டும் முரண்படும். பெயர் இருக்கும், கோப்பு இராது. கோப்பு இருக்கும், பெயர் இராது. ஒரே கட்டத்தை இரு கோப்புகள் தமதென உரிமை கோரும்.

இம்முரண்களைக் காண ஐசெக், டிசெக் என்ற சிறு கருவிகள் தொடக்கத்தில் இருந்தன. ஒன்று கட்டங்களின் கணக்கைப் பார்க்கும். மற்றது பெயர்களின் கணக்கைப் பார்க்கும். எதை வைப்பது, எதை அழிப்பது என்பதைக் கணினியைக் காப்பவரே முடிவுசெய்ய வேண்டும். 1970களின் இறுதியில் டி. ஜே. கோவால்ஸ்கி என்பார் இவ்வறிவை எல்லாம் ஒரே நிரலில் தொகுத்தார். அதுவே இன்றும் 'எஃப்எஸ்செக்' என வழங்குவது. பெயரிழந்த கோப்பைக் கண்டால் அது அழிப்பதில்லை. 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற அடைவில், ஐ-நோடு எண்ணையே பெயராக இட்டு வைக்கும். முதலேடு சிதைந்து ஆசிரியர் பெயர் தெரியாத சுவடியை எண்ணிட்டு அலமாரியில் காக்கும் நூலகரின் செயல் இது.

பழைய முறைமையில் வேறொரு பெருங்குறையும் இருந்தது. வட்டின் அமைப்பைக் கூறும் சூப்பர் பிளாக் என்னும் தலைமைக் கட்டம் ஒரே ஒரு படியாக இருந்தது. அது சிதைந்தால் அனைத்தும் போயிற்று. 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி இயங்குதளத்தில், பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்குசிக், பில் ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி ஆகியோர் உருவாக்கிய விரைவுக் கோப்பு முறைமை, அக்கட்டத்தைப் பல படிகளாக வட்டெங்கும் பரப்பி வைத்தது. 14 எழுத்துகளுக்குள் அடங்கவேண்டியிருந்த கோப்புப் பெயர் 255 வரை நீளலாயிற்று. ஐ-நோடை வட்டில் எழுதி முடித்த பின்னரே அதைச் சுட்டும் பெயரை எழுதுவது என வரிசையும் காக்கப்பட்டது. அதற்கு விலை வேகம்.

குறிப்பேடும் அதன் எல்லையும்

வட்டுகள் பெருத்தன. எஃப்எஸ்செக் முழு வட்டையும் ஆராய்ந்து முடிக்க மணிக்கணக்காயிற்று. அத்தனை நேரம் ஒரு சர்வர் ஊமையாகக் கிடக்க முடியாது. ஆகவே வணிகக் கணக்கர்களின் பழைய உத்தி கணினிக்குள் வந்தது. செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுது. பிறகு பேரேட்டில் ஏற்று. நடுவில் விளக்கணைந்தால் குறிப்பேட்டைப் பார்த்து மீளலாம். 1990இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஏஐஎக்ஸ், 1994இல் எக்ஸ்எஃப்எஸ், 2001 நவம்பரில் லினக்ஸ் 2.4.15உடன் இணைந்த ஈஎக்ஸ்டி3 எனக் குறிப்பேட்டு முறை பரவியது. அந்த 2.4.15 பதிப்பிலேயே, கோப்பு முறைமையைக் கழற்றும்போது அதைச் சிதைக்கும் வேறொரு வழு புகுந்திருந்தது. சில நாட்களுக்குள் 2.4.16 வெளியிட்டு அதைத் திருத்தினர்.

ஆனால் குறிப்பேடு காப்பது பெரும்பாலும் கோப்பின் அமைப்பை, உள்ளடக்கத்தை அன்று. இதை நாம் பலரும் அறிவதில்லை. ஈஎக்ஸ்டி3 மட்டும் தன் இயல்பான நிலையில் உள்ளடக்கத்தை முதலில் வட்டில் இறக்கிவிட்டு, அதன்பின் குறிப்பேட்டை முடித்தது. அதுவும் ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை. இதனால் நிரலாளர்களுக்குக் கேளாமலே ஒரு பாதுகாப்புக் கிடைத்தது. ஒரு கோப்பு வட்டைச் சேர்ந்ததை உறுதிசெய்யும் 'எஃப்சிங்க்' என்னும் அழைப்பை அவர்கள் கைவிட்டனர். அதற்கும் காரணம் உண்டு. ஈஎக்ஸ்டி3இல் ஒரு கோப்புக்கு எஃப்சிங்க் கேட்டால், நிலுவையிலிருந்த பிற கோப்புகளின் எழுத்தும் சேர்ந்தே இறங்கவேண்டியிருந்தது. 2008இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 உலாவியின் சோதனைப் பதிப்புகள் லினக்ஸில் அவ்வப்போது உறைந்து நின்றமைக்கு இதுவே காரணமாகக் கண்டறியப்பட்டது.

2008 டிசம்பரில் ஈஎக்ஸ்டி4 நிலைபெற்ற முறைமையாக அறிவிக்கப்பட்டது. உள்ளடக்கத்துக்கு வட்டில் இடம் ஒதுக்குவதை இயன்றவரை தள்ளிப்போடுவது அதன் உத்தி; மொத்தமாக ஒதுக்கினால் கோப்பு சிதறாது. விளைவு, 2009 தொடக்கத்தில் வெளிப்பட்டது. உபுண்டு 9.04இன் முன்னோட்டப் பதிப்பைப் பயன்படுத்தியோர், கணினி எதிர்பாராது நின்று மீண்டபின் தம் கோப்புகள் பல சுழிய அளவில் கிடப்பதைக் கண்டனர். பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைக்கும் பெயர்மாற்றம் குறிப்பேட்டில் ஏறிவிட்டது. உள்ளடக்கம் நினைவகத்திலேயே மாண்டது. நம் மாணவி கண்டதும் இத்தகைய காட்சியே.

அப்போது எழுந்த வாதம் தமிழாசிரியர்க்குப் பழக்கமானது. ஈஎக்ஸ்டி4இன் முதன்மை உருவாக்குநர் தியோடர் சோ கூறியது இலக்கணக் கட்சி. எஃப்சிங்க் அழைக்காத நிரலுக்குத் தரநிர்ணயம் எந்த உறுதியும் அளிக்கவில்லை, வழு நிரல்களினுடையது. பயனர் கூறியது வழக்குக் கட்சி. நேற்றுவரை பிழைத்த கோப்பு இன்று சாவானேன்? முடிவில் சோ தம் நிலைப்பாட்டைக் கைவிடாமலே வழக்குக்கு இடமளித்தார். 2009 ஜூனில் வந்த லினக்ஸ் 2.6.30, பெயர்மாற்றி மாற்றீடு செய்யும் கோப்புகளை இனங்கண்டு, அவற்றின் உள்ளடக்கத்தைத் தள்ளிப்போடாமல் அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. காரணம் கூறி அமைக்கப்பட்ட வழுவமைதி அது.

அறிந்தோரும் அறியாதவை

எஃப்சிங்க் அழைத்தால் போதும் என்று நிம்மதி கொள்ளவும் இடமில்லை. 2018 மார்ச்சில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநரிடையே ஒரு செய்தி பரவியது. வட்டில் எழுதும்போது பழுது நேர்ந்தால் லினக்ஸ் எஃப்சிங்க் மூலம் அதை ஒருமுறை தெரிவிக்கும். ஆனால் எழுதப்படாத அப்பக்கங்களை எழுதப்பட்டவையாகக் குறித்துவிடும். மீண்டும் கேட்டால், "எல்லாம் நலம்" என்று விடை வரும். போஸ்ட்கிரெஸோ தோற்றால் மறுபடி கேட்பது என்ற நம்பிக்கையில் ஏறத்தாழ இருபதாண்டுகள் இயங்கிவந்தது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தப் பதிப்புகளில், எஃப்சிங்க் தோற்றால் உடனே நின்றுவிட்டுத் தன் சொந்தக் குறிப்பேட்டிலிருந்து மீளும்படி மாற்றினர்.

2023ஆம் ஆண்டின் இறுதியில் இரு நிகழ்வுகள். ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.2.0இல் படியெடுத்த கோப்புகளின் நடுவே சுழியங்கள் தோன்றின. புதிதாகச் சேர்த்த ஒரு வசதியைக் குற்றவாளியாகக் கருதி 2.2.1இல் அதை முடக்கினர். உண்மையான வழு அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே உறங்கியது என்பது பின்னரே தெரிந்து, 2.2.2இல் தீர்ந்தது.

மற்றது டெபியனில். பழைய லினக்ஸ் பதிப்புகளுக்குப் புதிய திருத்தங்களைப் பெயர்த்துத் தருவது வழக்கம். 6.1.64 பதிப்புக்கு ஈஎக்ஸ்டி4 தொடர்பான ஒரு திருத்தத்தைப் பெயர்த்தவர்கள், அது சார்ந்து நின்ற மற்றொரு திருத்தத்தைப் பெயர்க்கவில்லை. முதல் திருத்தம் தன்னளவில் சரியானது. துணையின்றி வந்ததால் கோப்புகளைச் சிதைக்கலாயிற்று. வெளியீட்டு நாளன்றே இது தெரியவர, டெபியன் 12.3 நிறுத்தப்பட்டு, மறுநாள் டிசம்பர் 10 அன்று 12.4 வெளிவந்தது. சுவடி பெயர்த்தெழுதும் ஒருவர், ஓர் ஏட்டின் ஓரத்திலிருந்த திருத்தத்தைச் சேர்த்துவிட்டு, அதற்கு இயைய அடுத்த ஏட்டில் செய்யப்பட்டிருந்த திருத்தத்தை விட்டுவிட்டால் பாடல் என்னாகுமோ அதுவே இங்கும் ஆயிற்று.

ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் வழுவே இல்லாத முறைமை எதையும் நாம் காணவில்லை. வழுவைக் காட்டிலும் தீங்கானது, வழுவமைதியைக் கைமாற்றிக் கொடுத்து அதன் காரணத்தை விட்டுவிடுவது. மூன்று சிங்க் அவ்வாறு பொருளிழந்தது. துணைத் திருத்தத்தை விட்டுப் பெயர்க்கப்பட்ட திருத்தம் அவ்வாறு கேடாயிற்று. "சிங்க் கொடுக்கணும்" என்ற அறிவு ஒருவர் மனத்திலேயே தங்கிவிட்டமையால் ஓர் இயல் அழிந்தது. 1971இன் கையேட்டில் பிழைகளுக்கென இடம் ஒதுக்கியவர்கள் இதனை முன்பே உணர்ந்திருந்தனர் போலும்.

அம்மாணவி தம் கைக்குறிப்புகளைக் கொண்டு அவ்வியலை மீண்டும் எழுதினார். மூன்று திங்கள் ஆயிற்று. முதலில் எழுதியதே நன்றாக இருந்தது என்று இன்றும் சொல்வார். துறைக் கணினியின் அருகே இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. எழுதி முடித்ததும் என்ன செய்யவேண்டும், வேறொரு வட்டில் ஏன் ஒரு படி வேண்டும் என்பவை அதில் உள்ளன. 'செய்க' என்பதோடு நில்லாமல், ஒவ்வொன்றின் கீழும் அதற்கான காரணத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறோம்.