சுவீடனில் புதைபடிவ எரிபொருள் கைவிடல்

புதைபடிவ எரிபொருளைக் கைவிட முயலும் செல்வ நாடுகளுள் சுவீடனின் அனுபவம் நீண்டது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்நாட்டு வீடுகள் பெரும்பாலும் எண்ணெயால்தான் சூடேறின. அதன்பின் நகராட்சிகள் தெருவுக்கடியில் குழாய் பதித்து, பொதுக் கொதிகலனிலிருந்து ஊருக்கே வெந்நீர் அனுப்பும் அமைப்பை விரிவாக்கின. 1991இல் அரசு கார்பன் வரி விதித்தது. ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சுமார் 250 குரோனாவில் தொடங்கிய வரி, முப்பது ஆண்டுகளில் 1,100 குரோனாவைத் தாண்டியது. வெப்ப நிலையங்கள் மரக்கழிவுக்கு மாறின. வீட்டில் எண்ணெய் எரிப்பது இன்று அங்கே அரிது. இதை வரியின் வெற்றி என்று மட்டும் சொல்வது சரியல்ல. வரி சுட்டபோது, மாறிக்கொள்ளக் குழாய் ஏற்கெனவே வாசல்வரை வந்திருந்தது.

எஃகுத் தொழிலில் அப்படி ஒரு மாற்றுவழி இருக்கவில்லை. ஊது உலையில் கல்கரி வெறும் எரிபொருள் அன்று. தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிப்பதும் அதுவே. அதனால் வேதிவினையையே மாற்றவேண்டியிருந்தது. எஃகு நிறுவனமான எஸ்எஸ்ஏபி, இரும்புத்தாதுச் சுரங்க நிறுவனமான எல்கேஏபி, மின் நிறுவனமான வாட்டன்ஃபால் ஆகியவை 2016இல் தொடங்கிய ஹைபிரிட் திட்டத்தில் கல்கரியின் வேலையை ஹைட்ரஜன் செய்கிறது. கரியமில வாயுவுக்குப் பதில் நீராவி வெளியேறுகிறது. லூலியோ நகரில் 2020இல் சோதனை ஆலை இயங்கத் தொடங்கியது. 2021இல் முதல் எஃகு வோல்வோவுக்குப் போனது. எல்கேஏபி, வாட்டன்ஃபால் இரண்டும் அரசுடைமை என்பதை மறக்கக்கூடாது. விளைவு தெரியாத சோதனையின் சுமையில் பெரும்பங்கைப் பொதுப்பணம் தாங்கியது. செல்வ நாடு செய்யவேண்டிய முதல் கடமையும் அதுதான்.

ஆறுகளும் அணுமின் நிலையங்களும் உள்ள நாட்டுக்கு இம்மாற்றம் எளிது என்பர். மின்சாரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால், அதே வளத்தோடு அந்நாடு பின்வாங்கவும் செய்தது. டீசலில் உயிரி எரிபொருள் கலப்பதன்மூலம் எட்டவேண்டிய உமிழ்வுக் குறைப்பு 2024 தொடக்கத்தில் 30.5 விழுக்காட்டிலிருந்து 6 ஆகத் தளர்த்தப்பட்டது. அவ்வாண்டே போக்குவரத்தின் உமிழ்வு ஏறியது. 2045க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்கும் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. தொலைவிலுள்ள இலக்கு இன்றைய விதியின் வேலையைச் செய்யவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. சுவீடன் மக்கள் வாங்கும் பொருள்களுக்காகப் பிற நாடுகளில் எழும் புகை உள்நாட்டுக் கணக்கில் சேர்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி எஃகுக்கு 2026 முதல் விதிக்கும் எல்லைக் கார்பன் கட்டணம் அந்த ஓட்டையை ஓரளவு அடைக்கும். ஆனால் அதன் சுமை இந்திய ஆலைகள்மீதும் விழும் என்பதால், அத்தொகையில் ஒரு பங்கு அவ்வாலைகளின் உலைமாற்றத்துக்கே திரும்புவதுதான் நியாயம்.