பனிக்கடலிலிருந்து மீண்ட கண்ணாடித் தகடுகள்

வரலாற்றுக்குச் சான்றுகள் பல. கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் ஓலைச்சுவடியும் முன்னோர் வாழ்வை நமக்கு உணர்த்துகின்றன. 1839ஆம் ஆண்டில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின், புகைப்படமும் அவ்வரிசையில் சேர்ந்தது. ஏட்டில் படித்ததை ஐயுற்றுக் கேள்வி கேட்கும் மாணவனும் படத்தில் கண்டதை ஐயுறுவதில்லை. கண்ணால் கண்டதற்குச் சாட்சி எதற்கு என்பது அவன் எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது? தென்துருவப் பனிக்கடலில் உயிரைப் பணயம் வைத்துப் படம் எடுத்த ஒருவரின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது.

அவர் பெயர் பிராங்க் ஹர்லி. 1885ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிறந்தவர். 1911இல் புறப்பட்ட மாசனின் தென்துருவக் குழுவில் புகைப்படக்காரராகப் பணிபுரிந்து புகழ் பெற்றார். பின்னர், தென்துருவக் கண்டத்தைக் கால்நடையாகக் கடக்கத் திட்டமிட்ட சர் எர்னஸ்ட் ஷாக்கில்டன் அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். இப்பயணத்திற்கான பணத்தில் ஒரு பகுதி, திரும்பி வந்ததும் காட்டவிருந்த திரைப்படத்தையும் படங்களையும் நம்பியே திரட்டப்பட்டது. ஆகவே ஹர்லியின் காமிரா குழுவின் கடனைத் தீர்க்கவேண்டிய கருவியாகவும் இருந்தது.

பனியில் சிக்கிய கப்பல்

‘என்டூரன்ஸ்’ என்னும் அவர்களது கப்பல் 1914 டிசம்பர் 5ஆம் நாள் தென் ஜார்ஜியாத் தீவிலிருந்து புறப்பட்டது. மறு மாதமே வெடல் கடலில் உறைபனி அதனைச் சூழ்ந்துகொண்டது. கப்பலில் இருந்தவர் 28 பேர். அக்கடுங்குளிரிலும் ஹர்லி ஓயவில்லை. பாய்மரத்தின் உச்சியில் ஏறிப் படம் எடுத்தார். கண்ணாடித் தகடுகளைக் கழுவப் பனிக்கட்டியை உருக்கித் தண்ணீர் பெற்றார். 1915 ஆகஸ்டு 27ஆம் நாள், துருவத்தின் நீண்ட இருளில், கப்பலைச் சுற்றி ஏறத்தாழ இருபது இடங்களில் ஒளிமருந்தைக் கொளுத்தி அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. பனி மூடிய கயிறுகளோடு வெண்மையாக நிற்கும் அக்கப்பலைக் காண்போர் இன்றும் வியப்பர்.

அதே ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், பனிப்பாளங்களின் நெருக்குதலால் நொறுங்கிய கப்பலைக் கைவிட நேர்ந்தது. தகடுகள் இருந்த பெட்டிகள் கப்பலினுள் பனிநீரில் மூழ்கிக் கிடந்தன. சில நாட்களுக்குப் பின் ஹர்லி உடையைக் களைந்துவிட்டு, உறையும் நீரில் இறங்கி அவற்றை வெளியே எடுத்தார். பெட்டிகள் ஈயப்பற்றிட்டு மூடப்பட்டிருந்தமையால் தகடுகள் பிழைத்தன.

நானூறு தகடுகள் உடைந்தன

இனி நடந்ததே நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி. தப்பிச் செல்ல மூன்று சிறு படகுகளே இருந்தன. ஒவ்வொருவரும் இரண்டு இராத்தல் எடைக்கு மேல் சொந்தப் பொருள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது தலைவரின் கட்டளை. கண்ணாடியோ பெருஞ்சுமை. ஷாக்கில்டனும் ஹர்லியும் பனிமேல் அமர்ந்து, தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தனர். ஏறத்தாழ 120 தகடுகள் மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டன. ஏறக்குறைய 400 தகடுகள், பின்னர் மனம் மாறி எடுத்துக்கொள்ளும் ஆசை எழாதவாறு, அங்கேயே உடைக்கப்பட்டன. அப்பயணத்தைப் பற்றி இன்று நாம் காண்பவை அந்த இருவர் வேண்டும் என்று வைத்தவை. உடைந்த தகடுகளில் எவர் முகம் இருந்தது, எந்நாளின் துன்பம் இருந்தது என்பதை எவரும் காணமுடியாது.

பெரிய காமிராக்களையும் விட்டுவிட்ட ஹர்லி, சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு கோடாக் காமிராவும் மூன்று சுருள் பிலிமும் மட்டும் வைத்துக்கொண்டார். 1916 ஏப்ரலில் அனைவரும் எலிபண்ட் தீவை அடைந்தனர். அங்கிருந்து ஷாக்கில்டனும் ஐவரும் ‘ஜேம்ஸ் கெயர்ட்’ என்ற படகில் ஏறி, ஏறத்தாழ 800 மைல் கடல் கடந்து தென் ஜார்ஜியா சேர்ந்தனர். ஆகஸ்டு 30ஆம் நாள் சிலி நாட்டுக் கப்பலான ‘யெல்ச்சோ’ தீவிலிருந்த 22 பேரையும் மீட்டது. கப்பலில் சென்ற 28 பேரும் உயிர் பிழைத்தனர்; தகடுகளும் பிழைத்தன.

படமும் பொய் சொல்லும்

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. ‘ஜேம்ஸ் கெயர்ட்’ புறப்பட்டபோது கரையில் நின்றவர்கள் கை உயர்த்தி விடைகொடுத்த காட்சியை ஹர்லி படம் பிடித்திருந்தார். அப்படம் பின்னர் மாற்றித் திருத்தப்பட்டு, மீட்புக் கப்பலை வரவேற்கும் காட்சியாக வெளியிடப்பட்டது. பிரிவின் துயரம் மீட்பின் மகிழ்ச்சியாயிற்று!

1917இல் ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராகப் போர்முனைக்குச் சென்றபோதும் அவர் இவ்வாறே செய்தார். பல தகடுகளை இணைத்து ஒரே போர்க்காட்சியாக ஆக்கினார். போரின் முழுத் தோற்றம் ஒரு தகட்டில் அடங்காது என்பது அவர் வாதம். போரின் வரலாற்றை எழுதவிருந்த சார்லஸ் பீன் அவற்றைப் போலி என்று வன்மையாக எதிர்த்தார். உயிரைக் கொடுத்தவர்களின் வரலாற்றில் நடவாத காட்சி இடம்பெறலாகாது என்ற பீனின் பக்கமே நியாயம் இருக்கிறது. ஹர்லியின் துணிவைப் போற்றுவோம். அதற்காக அவர் செய்த மாற்றத்தை மறைக்கவேண்டுவதில்லை.

2022 மார்ச் 5ஆம் நாள், ‘என்டூரன்ஸ்’ கப்பல் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்புறத்தில் அதன் பெயர் தெளிவாகத் தெரிந்தது. ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியது எது? கப்பல் தலைவர் வோர்ஸ்லி அன்று கணித்து எழுதி வைத்த இடக்குறிப்பே. அவர் குறித்த இடத்திற்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு மைல் தொலைவில் கப்பல் கிடந்தது. ஹர்லியின் படங்கள் கப்பல் எப்படி இருந்தது என்று காட்டின. எங்கே இருக்கிறது என்பதை எழுத்துத்தான் சொல்லிற்று.

செப்பேடுகளிலும் போலிகள் உண்டு. அறிஞர்கள் எழுத்தின் வடிவையும் காலத்தையும் ஆராய்ந்தே அவற்றை ஏற்கின்றனர். புகைப்படத்திற்கும் அதே அளவுகோல் வேண்டும். எடுத்தவர் யார், எப்போது, எதற்காக, அதனருகே இருந்து உடைந்துபோனவை எவை என்று கேட்கப் பழகவேண்டும். நம் பாட்டனார் படம் சுவரில் தொங்கும் வீடுகள் பல. அதன் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் ஊரும் எழுதப்பட்ட வீடுகள் சில. அவ்வொரு வரியை எழுதி வைக்கவேண்டிய கடமை நம்முடையது.