ரூஸ்வெல்ட்டின் வேட்டைப் பயணமும் வெள்ளைக் காண்டாமிருகமும்

‘சஃபாரி’ என்னும் சொல்லைக் கேட்டவுடன், திறந்த வண்டியில் அமர்ந்து சிங்கத்தைப் படம் பிடிக்கும் சுற்றுலாப் பயணியின் தோற்றமே இன்று நம் மனக்கண்ணில் எழும். ஆனால், கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். ‘சஃபர்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. மலாய் மொழியில் வழிப்பயணியைக் குறிக்கும் ‘முசாஃபிர்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததேயாகும். வணிகரும் சுமையாட்களும் கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கி நடந்த நெடும்பயணங்களைச் சுட்டிய அச்சொல், வேட்டைப் பயணத்தின் பெயராக உலகெங்கும் பரவியதற்கு ஒருவருடைய பயணம் பெரிதும் துணைநின்றது. அவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 26ஆவது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்.

அவருடைய பயணம் வீரக்கதையாகப் பலரால் சொல்லப்பட்டுள்ளது. எனினும், அதன் இறுதிப் பகுதியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி, வீரத்தைவிட ஆழமான ஒரு வினாவை நம் முன் வைக்கின்றது. அழிந்துபோகக்கூடும் என்று தோன்றும் ஒன்றைக் கண்டால் மனிதன் செய்யத்தக்கது யாது என்பதே அவ்வினா.

காட்டைக் காத்தவரின் வேட்டை

1901 முதல் 1909 வரை அதிபராக இருந்த ரூஸ்வெல்ட், இயற்கைப் பாதுகாப்பில் தம் நாட்டுக்கு வழிகாட்டியாக விளங்கியவர். 5 தேசியப் பூங்காக்களும் 51 பறவைக் காப்பிடங்களும் 150 தேசியக் காடுகளும் அவர் ஆட்சியில் உருவாயின. அவர் காவலுக்குள் கொண்டுவந்த நிலப்பரப்பு ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் ஆகும்.

இத்தகையவர், 1909ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் பதவியிலிருந்து விலகி, அதே மாதம் 23ஆம் நாள் ஆப்பிரிக்கா நோக்கிக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. பத்தொன்பது வயது மகன் கெர்மிட் உடன் சென்றார். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் எழுப்பிக்கொண்டிருந்த புதிய அருங்காட்சியகத்திற்கு விலங்குகளின் உடல்களைத் திரட்டித் தருவதே பயணத்தின் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. மியர்ன்ஸ், ஹெல்லர், லோரிங் என்னும் மூன்று இயற்கையியல் அறிஞர்கள் குழுவில் இடம்பெற்றனர். ‘ஸ்கிரிப்னர்ஸ்’ இதழுக்குப் பயணக் கட்டுரைகள் எழுத ரூஸ்வெல்ட்டுக்கு 50,000 டாலர் ஊதியம் பேசப்பட்டது. வேட்டை, அறிவியல், எழுத்து ஆகிய மூன்றும் அப்பயணத்தில் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன.

இருப்புப் பாதையும் சுமையாட்களும்

1909 ஏப்ரல் 21ஆம் நாள் மொம்பாசாத் துறைமுகத்தை அடைந்த குழு, உகாண்டா இருப்புப் பாதை வழியாக உள்நாட்டிற்குப் புறப்பட்டது. 1896 முதல் 1901 வரை அமைக்கப்பட்ட அப்பாதைக்காக, ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர். 1898ஆம் ஆண்டில் சாவோ ஆற்றுப் பாலப் பணியின்போது இரண்டு சிங்கங்கள் தொழிலாளர் பலரை இரையாக்கிய கொடுமையும் அப்பாதையில்தான் நிகழ்ந்தது. ரயில் எந்திரத்தின் முன்புறத்தில் அமைக்கப்பட்ட இருக்கையில் அமர்ந்து, இருமருங்கிலும் மேய்ந்த விலங்குக் கூட்டங்களைக் கண்டு மகிழ்ந்தவாறு ரூஸ்வெல்ட் சென்றார். அந்த இனிய காட்சிக்கு வழி திறந்தவர்கள் முகம் அறியப்படாத அத்தொழிலாளர்களே என்பதை வரலாறு பயில்வோர் மறத்தலாகாது.

கப்பிட்டி நிலையத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட சுமையாட்கள் காத்திருந்தனர். ஒரு சிறு படை புறப்படுவது போன்று அக்காட்சி தோன்றியதாக ரூஸ்வெல்ட் எழுதியுள்ளார். அவர் கூடாரத்தின் மீது அமெரிக்கக் கொடி பறந்தது. தோல்களைப் பதப்படுத்துவதற்கென்றே நான்கு டன் உப்பு கொண்டுவரப்பட்டிருந்தது. ரூஸ்வெல்ட் காட்டிலும் படிப்பை விட்டவர் அல்லர். வேர்வையும் மழையும் கெடுக்காதவாறு பன்றித்தோலால் கட்டடம் செய்யப்பட்ட நூல்களைத் தம்முடன் கொண்டுசென்றார். ஹோமரும் ஷேக்ஸ்பியரும் அடங்கிய அந்நூற்பெட்டியின் எடை அறுபது இராத்தலுக்குச் சற்றுக் குறைவு. அஃது ஒரு சுமையாளின் முழுச் சுமையாகும். மர நிழலில் அமர்ந்து அவர் காவியம் படித்த இன்பத்தை, ஒரு மனிதன் நாள்தோறும் தன் தலைமேல் தூக்கி நடந்தான்.

எண்ணிக்கை கூறும் செய்தி

பயணம் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. சோட்டிக் சமவெளி, நைவாஷா ஏரி, கென்யா மலைச்சாரல் எனக் குழு பல இடங்களில் தங்கி வேட்டையாடியது. ரூஸ்வெல்ட்டின் இடக்கண் பார்வை, முன்பொரு முறை குத்துச்சண்டையில் பட்ட அடியால் கெட்டிருந்தது. எனினும் அவர் துப்பாக்கி ஓயவில்லை. தந்தை சுட்டவை 296. மைந்தர் சுட்டவை 216. ஆக மொத்தம் 512. இவற்றுள் சிங்கங்கள் 17, யானைகள் 11, காண்டாமிருகங்கள் 20. இந்தக் கணக்கை மறைக்காமல் தம் நூலிலேயே பட்டியலிட்டவர் ரூஸ்வெல்ட். அறிஞர்கள் பிடித்த சிறு விலங்குகள், பறவைகள் முதலியவற்றையும் சேர்த்தால் அருங்காட்சியகத்திற்குச் சென்றவை ஏறத்தாழ 11,400 ஆகும்.

பயணத்தினிடையே அவர் கையில் துப்பாக்கி இருந்தும் பார்வையாளராக மட்டும் நின்ற ஒரு நாளும் உண்டு. நாண்டி இன வீரர்கள் ஈட்டியும் கேடயமும் ஏந்திச் சிங்கத்தை வளைத்துக்கொண்டனர். வட்டம் சுருங்கியது, சிங்கம் பாய்ந்தது, வீரர் இருவர் காயமுற்றனர், பல ஈட்டிகள் ஒருசேரப் பாய அவ்விலங்கு வீழ்ந்தது. தொலைவிலிருந்து சுடுவதற்கும் நெருங்கி நின்று எதிர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று அவர் கண்கூடாகக் கண்டார். அக்காட்சியை அவர் வியந்து போற்றி எழுதியிருப்பது அவர்தம் நேர்மைக்குச் சான்றாகும்.

லாடோவில் எழுந்த ஐயம்

1910 ஜனவரியில் குழு உகாண்டாவைக் கடந்து, நைல் நதியின் மேற்குக் கரையில் இருந்த லாடோ என்னும் பகுதியை அடைந்தது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆளுகையில் இருந்த அந்நிலம், 1909 டிசம்பரில் அவர் இறந்தமையால் கைமாறும் நிலையில் இருந்தது. யானைத் தந்தத் திருடர்களின் வேட்டைக்காடாக அது விளங்கியது. ரூஸ்வெல்ட் அங்குத் தேடிச் சென்றது வடபகுதி வெள்ளைக் காண்டாமிருகத்தை ஆகும். வெள்ளை என்பது பெயரளவே. அதன் நிறம் சாம்பலே. புல் மேய்வதற்கேற்ற அகன்ற, சதுரமான வாயே அதன் அடையாளம். இவ்வகைக்கு அறிவியலார் தனிப்பெயர் சூட்டியதே 1908ஆம் ஆண்டில்தான்.

இவ்விலங்கு மெல்ல மெல்ல அழிவை நோக்கிச் செல்கின்றதோ என்னும் ஐயம் ரூஸ்வெல்ட்டின் உள்ளத்தில் எழுந்தது. அதனை அவர் தம் நூலில் வெளிப்படையாகவே பதிவு செய்துள்ளார். வெறும் வெற்றிச் சின்னத்திற்காகக் கொல்ல விரும்பவில்லை என்றும், அருங்காட்சியகங்களுக்கு நல்ல உடல்கள் கிடைப்பது இன்றியமையாதது என்றும் அவர் காரணம் கூறினார். முடிவில், தந்தை ஐந்தையும் மைந்தர் நான்கையும் சுட்டனர். கெர்மிட் கையில் துப்பாக்கியுடன் படப்பெட்டியும் இருந்தது. உயிருடன் நின்ற காண்டாமிருகங்களை அவர் படமும் எடுத்தார். இரு கருவிகளும் ஒரே கையில் இருந்த காலம் அது. 1910 மார்ச் 14ஆம் நாள் கார்ட்டூம் நகரில் பயணம் நிறைவுற்றது.

பின்னர் நிகழ்ந்தவை

அந்த ஒன்பது விலங்குகளின் சாவினால் அவ்வினம் அழிந்துவிடவில்லை. அவ்வாறு குற்றம் சாட்டுவது வரலாற்று முறையாகாது. 1960ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2,000 விலங்குகள் எஞ்சியிருந்தன. இவ்வினத்தைக் காக்கும் பொருட்டு 1938ஆம் ஆண்டிலேயே பெல்ஜியக் காங்கோவில் கரம்பா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டிருந்தது. ஆயினும், கொம்பு வணிகமும் கள்ள வேட்டையும் உள்நாட்டுப் போர்களும் ஒன்றுசேர்ந்து அவற்றைச் சூறையாடின. 1984இல் கரம்பாவில் எஞ்சியவை 15 மட்டுமே.

2009ஆம் ஆண்டு டிசம்பரில், செக் நாட்டு விலங்குக் காட்சிசாலையிலிருந்து நான்கு வடபகுதிக் காண்டாமிருகங்கள் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ‘சூடான்’ என்னும் பெயருடைய ஆண் விலங்கைச் சுற்றித் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் இரவும் பகலும் நின்றனர். நூறு ஆண்டுகளுக்கு முன் அதன் இனத்தை நோக்கி நீண்ட துப்பாக்கி, இப்போது அதன் உயிர்க்காவலுக்கு நின்றது. எனினும் காலம் கடந்துவிட்டது. 2018 மார்ச் 19ஆம் நாள் சூடான் முதுமையால் நலிந்து இறந்தது. அவ்வினத்தின் கடைசி ஆண் அதுவே. அன்று எஞ்சியிருந்தவை அதன் மகள் நாஜினும் பேத்தி ஃபாத்துவும் மட்டுமே. உறையவைத்த விந்தணுவைக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் கருக்களை உருவாக்கும் முயற்சி 2019 முதல் நடைபெற்று வருகின்றது. தனிப்பெயர் பெற்று நூற்றுப் பத்து ஆண்டுகள் நிறைவதற்குள் ஓர் இனத்தின் இயற்கையான தொடர்ச்சி அறுந்துபோயிற்று.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கி, தென்னாப்பிரிக்காவின் உம்ஃபொலோசிப் பகுதியில் மட்டும் எஞ்சியிருந்தது. 1895இல் அப்பகுதி காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குத் தலைமுறை தலைமுறையாகக் காவல் தொடர்ந்தது. இன்று அவ்வினம் 15,000க்கும் மேல் பெருகியுள்ளது. இரு கிளைகளுக்கும் நேர்ந்த இடர் ஒன்றே. அமைதியும் இடையறாத காவலும் ஒன்றுக்குக் கிடைத்தன, மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை.

வரலாறு தரும் படிப்பினை

ஆப்பிரிக்கப் பயணத்தின் இயல்பும் காலப்போக்கில் மாறியது. 1977ஆம் ஆண்டு கென்யா வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கிக்குப் பதில் படப்பெட்டி பயணியின் கையில் அமர்ந்தது. ஆனால், அம்மாற்றமும் இழப்பின்றி வந்ததன்று. 1951இல் அமைக்கப்பட்ட செரங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து, மாசாய் மக்கள் 1959ஆம் ஆண்டளவில் வெளியேற வேண்டியதாயிற்று. இன்றைய பயணி காணும் ஆளற்ற பெருவெளி, ஒருகாலத்தில் ஆநிரை மேய்த்தோரின் வாழ்விடமாக இருந்ததாகும்.

1910ஆம் ஆண்டு மனிதரை இக்காலத்து அளவுகோலால் மட்டும் அளப்பது முறையன்று. ரூஸ்வெல்ட் கொடியவர் அல்லர், அறியாதவரும் அல்லர். அவ்விலங்கின் அழிவு குறித்த ஐயம் அவருள் எழுந்தது. அந்த ஐயமே அவர் கையைத் தாழ்த்தியிருக்க வேண்டும். மாறாக, அழிவதற்குள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் விரைவையே அஃது அவருக்குத் தந்தது. பதப்படுத்தி வைப்பதைக் காப்பதாக எண்ணியதே அக்காலத்தின் பெரும்பிழை எனலாம்.

இப்பிழை விலங்குகளோடு முடிவதன்று. மொழியாயினும் கலையாயினும் வழக்காறாயினும், நலிகின்ற ஒன்றைக் கண்டவுடன் அதனைக் கண்ணாடிப் பேழையில் வைக்க விரைகின்றோமா, அன்றி அது வாழும் இடத்தைக் காக்க முனைகின்றோமா என்பதே வினா. பேழையில் வைத்தது கெடாமல் இருக்கும்; ஆனால் கன்று ஈனாது. லாடோவின் நைற்கரையில் 1910இல் தவறவிடப்பட்ட விடையை ஓல் பெஜெட்டாவின் காவலர்கள் காலம் கடந்து தேடினர். அவர்களுக்குக் கிட்டாத காலம், வேறு பலவற்றின் பொருட்டு நமக்கு இன்னும் எஞ்சியிருக்கின்றது.