ஓடியாடும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும்

பருத்த பிள்ளையைக் கண்டால் 'தீனிப்பண்டாரம்' என்று கேலி பேசுவது நம்மில் பலருக்கு வழக்கம். அந்தக் கேலி நியாயமானதா? சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜிப்மர் மருத்துவமனை அமைந்துள்ள எங்கள் கோரிமேடு, பெயருக்கேற்ப மேடான இடம். 30 கிலோ எடையுள்ள சிறுவன் ஒருவன் 30 மீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டில் ஏறுவதாகக் கொள்வோம். அவன் செய்யும் வேலை சுமார் 8,800 ஜூல். அதாவது 2 கிலோகலோரிக்குச் சற்று மேல். தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறையக் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன. ஆகவே மொத்தச் செலவு 8 கிலோகலோரி போலாகும். ஓர் இட்லி தரும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்!

அப்படியானால் ஓடியாடுவதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். இதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் ழான் மேயர். பிரான்சில் பிறந்து, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அவரும் இந்திய ஆய்வாளர் இருவரும் மேற்கு வங்கச் சணல் ஆலை ஒன்றைச் சேர்ந்த 213 ஆண்களை ஆராய்ந்து, 1956இல் முடிவுகளை வெளியிட்டனர். கடும் உழைப்பாளிகள் உழைப்புக்கேற்ப உண்டனர். அவர்கள் எடை கூடவில்லை. நாள் முழுதும் அமர்ந்திருந்த கடைக்காரர்களோ குறைவாக உண்ணவில்லை. அவர்கள் எடையும் மிகுதியாக இருந்தது. உழைப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், பசி அதனுடன் சேர்ந்து இறங்குவதில்லை என்று மேயர் கருதினார்.

அதே ஆண்டில் அவர் குழுவினர் அமெரிக்கப் பள்ளி மாணவியர் பற்றிய ஆய்வையும் வெளியிட்டனர். பருத்த மாணவியர் மற்றவர்களைவிடக் குறைவாகவே உண்டதாகத் தெரிவித்தனர். ஆனால் விளையாட்டில் ஈடுபட்ட நேரம் மிகவும் குறைவு. 1964இல் வெளியான ஆய்வில், விளையாடும் சிறுமியரைப் படமெடுத்துப் பார்த்தனர். ஆட்டத்தின் நடுவிலும் பருத்த சிறுமியர் பெரும்பாலும் அசையாமல் நின்றது தெரிந்தது.

எனினும் உண்டதாகச் சொல்வது வேறு, உண்டது வேறு. கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கொண்ட நீரைப் பருகச் செய்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேகத்தைக் கொண்டு ஆற்றல் செலவை அளக்கும் முறை 1980களில் மனிதர்களிடம் கையாளப்பட்டது. பலரும் உண்டதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பது அதனால் வெளிப்பட்டது. மேலும், இங்கிலாந்தின் பிளிமத் நகரப் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. அதன்படி, பருமன் முன்னே வந்தது. ஓடியாட்டம் குறைந்தது அதற்குப் பின்னே!

ஆக, இது ஒரு சுழல். ஆடாத உடல் பருக்கலாம். பருத்த உடல் ஆடத் தயங்கலாம். நம் கேலி அந்தத் தயக்கத்தைத்தான் வளர்க்கும். நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. எலும்புக்கும் இதயத்துக்கும் அது நல்லது. உங்கள் தெருவில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.