பால்வாடி டீச்சரோட களைப்புக்கு ஐம்பது வருஷ வரலாறு இருக்கு

1/
வேலூர், ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போற அம்மாக்கள் பிள்ளையை நம்பி விடுற இடம் ஊர் பால்வாடி. அணைக்கட்டு ஒன்றியத்துல கீழே இருக்கிற ஊரானாலும் சரி, பீஞ்சமந்தை மாதிரி மலை ஊரானாலும் சரி, பொதுவா ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மாதான். "பிள்ளைங்களோட விளையாடுற வேலைதானே, இதுல என்ன டென்ஷன்?"னு கேக்கறவங்களுக்காக இந்த த்ரெட்.

2/
1974. நியூயார்க்ல ஒரு இலவச கிளினிக். அங்க ஆர்வத்தோட வந்த தொண்டர்கள் நாளடைவுல சோர்ந்து, எரிச்சல்பட்டு, எதுலயும் நம்பிக்கை இல்லாம ஆகிறதை ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர்ங்கிற உளவியலாளர் கவனிச்சார். அதுக்கு 'பர்ன் அவுட்'னு பேர் வெச்சு எழுதினார். அதிகமா அர்ப்பணிப்பு உள்ளவங்கதான் இதுல சீக்கிரம் மாட்டுறாங்கன்னு சொன்னார்.

3/
அடுத்த வருஷமே, 1975 அக்டோபர் 2-ல, இந்தியாவில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 இடங்கள்ல தொடங்கியது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புறது, தாய்மார்களுக்கு நலக்கல்வி, முன்பருவக் கல்வி என்று ஆறு சேவைகள். பாடம் நடத்துறது ஆறுல ஒண்ணு மட்டும்தான்! ஆறையும் தாங்குற பெண்ணுக்கு வெச்ச பேர் 'கௌரவப் பணியாளர்'. கிடைச்சது சம்பளம் இல்லை, மதிப்பூதியம்.

4/
பிறகு வேலை கூடிக்கிட்டே போச்சு. 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினப்போ 2 வயசுப் பிள்ளைகளும் அதுல சேர்ந்தாங்க. 2021-ல போஷன் டிராக்கர் செயலி வந்தது. எடை, உயரம், வருகை எல்லாம் போன்லயும் ஏத்தணும். இன்னைக்குத் தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கும் மேல மையங்கள். 2025 ஆள்சேர்ப்பு அறிவிப்புல பணியாளருக்கு முதல் வருஷத் தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய்.

5/
1981-ல கிறிஸ்டினா மாஸ்லாக் பர்ன் அவுட்டுக்கு மூணு அடையாளம் சொன்னார். மனசு வத்திப்போறது. எதிர்ல இருக்கிறவங்க மேல ஒட்டுதல் போயிடுறது. 'நான் என்ன சாதிச்சேன்'ங்கிற வெறுமை. மூணு வயசுப் பிள்ளைக்கு முன்னாடி நிக்கிற டீச்சருக்கு இந்த ரெண்டாவது வந்தா, அதோட பாரம் பிள்ளை மேலயும் இறங்கும்.

6/
2019-ல உலக சுகாதார நிறுவனம் தெளிவா சொல்லிடுச்சு: பர்ன் அவுட் நோய் இல்லை, சரியா கையாளப்படாத, நாள்பட்ட பணியிட மன அழுத்தத்தோட விளைவு. அதாவது, 'அவங்க மனசு பலவீனம்'ங்கிற பேச்சுக்கு இடமே இல்லை.

7/
நீதிமன்றத்திலும் இதே இழுபறி. இவங்க வகிக்கிறது அரசுப் பதவி இல்லைன்னு 2006-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரல் 25-ல அதே நீதிமன்றம் பணிக்கொடை பெற இவங்களுக்கு உரிமை உண்டுன்னு தீர்ப்பளித்தது. இவங்க செய்யிறது கற்பிக்கும் வேலைதான்னும் அந்தத் தீர்ப்பு ஒத்துக்கிட்டது. அதுக்கு 47 வருஷம் ஆச்சு.

8/
டீச்சர்களுக்கு ஒரு வார்த்தை: தூக்கம் இல்லை, அசதி, எதுலயும் பிடிப்பு இல்லைன்னு ரெண்டு வாரத்துக்கு மேல போனா டாக்டரைப் பாருங்க. ரத்தசோகை, தைராய்டு, மன அழுத்த நோய் எல்லாமே இப்படித்தான் தெரியும். அதுக்கெல்லாம் சிகிச்சை இருக்கு. பேசணும்னா டெலி மானஸ் 14416, இலவசம். ஆனா காலி இடத்தை நிரப்புறதும், பதிவேட்டுச் சுமையைக் குறைக்கிறதும் எந்த டாக்டரும் சீட்டுல எழுதித் தர முடியாத மருந்து. அதை அரசுகிட்ட நாமளும் சேர்ந்துதான் கேக்கணும்.